முதலில் பிள்ளை சொல்லட்டும், அப்புறம் திரை சொல்லட்டும்

(கிருஷ்ணகிரியில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியத் தோழர்களுக்கு வணக்கம்.

ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப் எனும் கணினி ஆய்வகம், பாடநூலில் க்யூஆர் கோடு என்று நம் பள்ளிகளுக்குக் கருவிகள் வந்துவிட்டன. கற்றலை ஆராய்ந்த உளவியலாளர்களான ஸ்கின்னரையும் பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் பி.எட். தேர்வுக்காகப் படித்து முடித்துவிட்டோம். அந்தப் படிப்பும் இந்தக் கருவியும் ஒரே வகுப்பில் சந்திப்பதில்லை என்பதுதான் என் கவலை.

திரவ அழுத்தம் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தேங்கிய நீரைப் பார்க்காத பிள்ளைகள் நம் வகுப்புகளில் குறைவு. ஆனாலும் வீடியோவைப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். உயரமான பாட்டிலில் மேலே, நடுவில், அடியில் என மூன்று துளைகள். மேசைமேல் வைத்துத் தண்ணீர் நிரப்பினால் எந்தத் துளையின் நீர் மேசையில் தூரமாய்ப் போய் விழும்? நோட்டில் படம் வரையட்டும், பக்கத்துப் பிள்ளையோடு சண்டை போடட்டும். பெரும்பாலோர் அடித்துளை என்பார்கள். பல புத்தகப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன.

செய்து பாருங்கள். நீர்மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் நடுத்துளை நீர்தான் தூரம் போகும்! பிள்ளைகளின் முகம் மாறும் அந்த நொடியைத்தான் பியாஜே பேசினார். மனத்தில் இருந்த கணக்கு பொய்க்கும்போது புதுக் கணக்கு தேவைப்படுகிறது. பதிலை முதலிலேயே திரையில் காட்டிவிட்டால் அந்த நொடியைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

கருவி வரவேண்டிய இடம் இதுதான். செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துத் திரையில் போடுங்கள். அடித்துளை நீர் மற்ற இரண்டையும்விட வேகமாகத்தான் வெளியே வருகிறது. ஆனால் விழ உயரம் இல்லாததால் சீக்கிரம் மேசையைத் தொட்டுவிடுகிறது. பாட்டிலை உயரமான ஸ்டூலின் விளிம்பில் வைத்து, நீரைத் தரையில் விழவிட்டால் அடித்துளையே ஜெயிக்கும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்ற விதியைப் பிள்ளைகளே கண்டு சொல்வார்கள். தங்கள் சோதனையைத் தாங்களே திரும்பத் திரும்பப் பார்க்க உதவும் கருவியைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியாது.

ஸ்கின்னர் 1953-இல் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். போட்ட கணக்கு சரியா தவறா என்று தெரியாமலே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது அவரை உறுத்தியது. அதிலிருந்துதான், விடை சரியா தவறா என்று உடனே காட்டும் அவருடைய கற்பிக்கும் எந்திரம் பிறந்தது. ஹைடெக் லேப் தேர்வில் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதோடு நாம் நிறுத்திவிட்டால் அந்த உறுத்தல் இன்னும் தீரவில்லை என்று பொருள். எந்த விடை ஏன் தவறு என்பது அதே பீரியடில் தெரியவேண்டும்.

இன்னொன்று. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி படித்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியிருந்தவர்களே முந்தினார்கள். ஆகவே மறுவாரம் அதே வீடியோவை மறுபடி ஓட்டாதீர்கள். வெறும் தாளைக் கொடுத்து பாட்டில் படத்தை வரையச் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடியோவின் வேகமான குரல் அவர்களைத் தாண்டி ஓடிவிடும். ஒலியை நிறுத்திவிட்டு, படத்தை நிறுத்தி நிறுத்தி நீங்களே பேசுங்கள். தனியாக முடியாததைத் துணையோடு பிள்ளை செய்துவிடும் என்றார் வைகாட்ஸ்கி. அந்தத் துணை பக்கத்தில் இருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். குழுவில் எந்த மொழியிலும் வாதாடட்டும், முடிவைத் தமிழில் எழுதட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் பிள்ளைகள் எடுத்த வீடியோக்களைக் கொண்டுவாருங்கள். பக்கவாட்டிலிருந்து, பாட்டிலும் நீர் விழும் இடமும் முழுதாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். நன்றி.