சங்கிலியா, சுத்தியலா? சுத்தியலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சின்னச் சின்ன சந்தை ஊர்களில் ஒரே மனிதர் இரண்டு தொழில் பார்ப்பதுண்டு. ஒருநாள் வயலில் நிலம் அளப்பார். சந்தை நாளில் ஆடுமாடு ஏலம் விடுவார். ஊர் விவசாயிக்கு அதிகம் உதவியது அவருடைய அளவுச் சங்கிலியா, ஏலச் சுத்தியலா என்று கேட்டிருக்கிறீர்கள். சுத்தியல்தான் என்கிறேன்.

சங்கிலியை நான் மட்டம் தட்ட மாட்டேன். 66 அடி, 100 கண்ணி, பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை. சேற்றிலும் முள்ளிலும் இரண்டு பேர் அதை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நாம் இன்றும் சொல்கிற 'செண்ட்' ஆயிரம் சதுரக் கண்ணிதான்.

எதிரணித் தலைவர் 1836ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்தைச் சொன்னார். விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தேவாலயத்துக்குக் கதிராகவும் ஆட்டுக்குட்டியாகவும் கொடுத்துவந்த வழக்கம் பணமாக மாறியது, அதற்கு நிலத்தை அளந்து வரைபடம் போட்டார்கள், சண்டை ஓய்ந்தது என்றார். சரி. அந்தப் பணம் எவ்வளவு என்று எதை வைத்துக் கணக்கிட்டார்கள்? கோதுமை, பார்லி, ஓட்ஸ் மூன்றின் ஏழு வருட விலைச் சராசரியை வைத்து! பரப்பைச் சங்கிலி சொன்னது. விலையைச் சொன்னது சந்தை. போதாக்குறைக்கு, அந்த வரைபடங்களில் பெரும்பகுதி, துல்லியமானது என்பதற்கான 'முதல்தரம்' முத்திரையே வாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசு கேட்கவில்லை. பொது மேய்ச்சல் நிலங்களை வேலிபோட்டு அடைத்தார்களே, அங்கேயும் போய் நின்றது இதே சங்கிலி. ஒற்றைப் பசுவை மேயவிட்டுப் பிழைத்த குடிசைக்காரர் அதன்பிறகு அந்தப் பசுவை எங்கே கட்டுவார்?

இப்போது ஏல வளையத்துக்கு வாருங்கள். ஏலம் வருவதற்கு முன்னால் வியாபாரி நேராகத் தொழுவத்துக்கே வருவார். குத்தகைப் பணம் கட்டும் நாள் நெருங்குவது அவருக்குத் தெரியும். தனியாக நிற்கும் விவசாயி அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவார். வளையத்தில் அப்படி நடக்குமா? மாடு ஒரு சுற்று வருகிறது. ஒருவர் விலாவைத் தடவிப் பார்க்கிறார், இன்னொருவர் மடியைப் பார்க்கிறார். கேட்கிற விலை எல்லார் காதிலும் விழுகிறது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சுத்தியல் விழும்போது, விற்றவருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் ஒரே விலைதான் தெரியும்.

ஏலம் விடுபவர் நினைத்தபடி ஆடவும் முடியவில்லை. 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 10 பவுண்டு கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. ஏலம் நடக்கும் இடத்தில் தன் முழுப்பெயரையும் முகவரியையும் பலகையில் எழுதி மாட்ட வேண்டியிருந்தது.

அந்தச் சுத்தியலுக்கு என்ன வலு என்பதற்கு 1810இல் டார்லிங்டன் அருகே கெட்டனில் நடந்த ஏலம் சாட்சி. சார்லஸ் காலிங் வளர்த்த 'காமெட்' என்ற ஷார்ட்ஹார்ன் இனக் காளை 1,000 கினிக்குப் (கினி என்பது அந்தக்கால இங்கிலாந்துப் பணம்) போனது. நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து வாங்கினார்கள். நல்ல இனத்தைப் பொறுமையாக வளர்த்தால் அதற்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பதை விவசாயிகள் கண்ணெதிரே பார்த்தார்கள்.

எடை தெரியாமல் கண்மதிப்பில் விற்றார்களே என்று எதிரணி அடுத்துக் கேட்கும். ஆமாம், விற்றார்கள். 1891ஆம் ஆண்டுச் சட்டம், மாட்டை நிறுக்க வசதியில்லாத ஏலக்கூடத்தில் விற்பனையே கூடாது என்றது. தராசும் சுத்தியலுக்குப் பக்கத்தில்தான் வந்து சேர்ந்தது, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.