ஜாமீன் கிடைத்த பிறகும் 23 நாள்

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் சேலத்து மக்களே, வணக்கம்.

குற்றவியல் நீதி சீர்படப் பெரிதும் கைகொடுப்பது புதிய சட்டங்களா, வழக்கறிஞர்கள் கூடி வேலை செய்யும் குழுக்களா? இதுதான் தலைப்பு. நான் குழுக்களின் பக்கம். எதிரணித் தலைவர் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவைப் பற்றி அருமையாகப் பேசினார். செஷன்ஸ் வழக்கில் வாதம் முடிந்த 30 நாளில் தீர்ப்பு, காரணம் எழுதினால் 45 நாள் வரை என்றார். நல்ல விதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விதி ஏற்காட்டு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லைன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர வேண்டுமே! அங்கேதான் ஐயா எங்கள் வேலை தொடங்குகிறது.

நான் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். மலையில் மிளகு பறிக்கும் கூலித் தொழிலாளி. ஒரு மூட்டை மிளகைத் திருடினார் என்று வழக்கு. ஜாமீன் மனு போட்டேன், கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன்தாராக வர வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும் என்பது நிபந்தனை. அவர் குடியிருப்பது எஸ்டேட் லைன் வீடு. அவர் தம்பி குடியிருப்பதும் அதே லைனில். ரசீதுக்கு எங்கே போவார்கள்? அவர் மனைவி விடியற்காலை பஸ் பிடித்து இறங்கி வருவார், சாயங்காலம் வெறுங்கையோடு ஏறிப் போவார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வக்கீலம்மா, ஜாமீன் ஆயிருச்சுன்னீங்களே, அப்புறம் ஏன் விடமாட்டேங்கறாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுபடி மனு போட்டு, நிபந்தனையைத் தளர்த்தி, அவர் வெளியே வந்தபோது 23 நாள் போயிருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. அந்தக் கூலியை யார் திருப்பிக் கொடுப்பது?

சட்டம் இல்லாமலா இப்படி நடந்தது? 1978-லேயே மோத்தி ராம் வழக்கு வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் அவர். உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பிறகும் கீழ் நீதிமன்றத்தில் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரையும் ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஜாமீன்தார் கேட்காமல், அவரே எழுதிக் கொடுக்கும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்து ஏழைகளின் வழக்குகளைப் பார்த்தவர் அவர். 45 வருடம் கழித்து, 2023 ஜனவரி 31-இல், உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளியே வராதவர் யார் என்று சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தார் கிடைக்கவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். ஒரே நோய்க்கு இரண்டாவது மருந்துச்சீட்டு, நடுவர் அவர்களே! சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு நடக்க ஓர் ஆள் வேண்டாமா?

அந்த வேலைக்குத்தான் நாங்கள் எட்டுப் பேர் வெள்ளிக்கிழமை மாலைகளில் உட்காருகிறோம். ஜாமீன் ஆகியும் உள்ளே இருப்பவர்களின் பெயர்களை எழுதுகிறோம். யாருக்கு எந்தக் காகிதம் தடுக்கிறது என்று பக்கத்திலேயே குறிக்கிறோம். வரி ரசீது இல்லாத மலைவாழ் மக்களுக்கு ரேஷன் கார்டையும் எஸ்டேட் சம்பளச் சீட்டையும் ஏற்கலாமே என்று கோரிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறோம். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவருக்கு லைன் வீடு என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்கிறேன்.

எதிரணியில் பேசிய தம்பி, "வாய்தா வாங்கி இழுப்பதே வக்கீல்கள்தானே" என்று கேட்டார், நீங்களும் கை தட்டினீர்கள். சரி, அது உண்மை. மலையிலிருந்து கூலியை விட்டுவிட்டு வந்த சாட்சியை, வழக்கறிஞர் வரவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. சாட்சி வந்து நிற்கும்போது தகுந்த காரணமில்லாமல் தள்ளிவைக்கக் கூடாது என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய சட்டமும் சொல்கிறது. ஆனாலும் தள்ளிப்போகிறது. எங்கள் குழுவில் ஒரு முடிவு எடுத்தோம்: சாட்சி வந்திருந்தால் அன்றைக்கே குறுக்கு விசாரணை. ஒருவருக்கு முடியாவிட்டால் குழுவில் இன்னொருவர் முதல்நாளே வழக்குக் கட்டைப் படித்துத் தயாராக இருப்பார். சட்டப் பிரிவைக் காட்டி மிரட்டுவதைவிட, கூட நிற்கும் வழக்கறிஞர் "அண்ணா, அந்தம்மா மலையிலிருந்து வந்திருக்காங்க" என்று சொன்னால் காரியம் நடக்கிறது.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1882-இல் சேலத்தில் நடந்த கலவரத்தில் இந்த ஊர் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் மீது வழக்குப் போட்டு 10 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். அவர் எதிர்த்துப் போராடிக் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். தன் வழக்கு முடிந்ததே என்று அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. அந்தமானுக்கு அனுப்பப்பட்ட மற்றவர்களுக்காகவும் வாதாடி, அவர்களை ஊருக்குக் கொண்டுவந்தார். தென்னிந்தியாவின் சிங்கம் என்று அவரைச் சொல்வது இதற்காகவும்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நடுவர் அவர்களே, இந்த வார எங்கள் பட்டியலில் நான்கு பெயர் இருக்கிறது. அதில் ஒருவர் மலைக்காரர். தம்பியின் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வரச் சொல்லி, அவர் வீட்டுக்கு இன்று ராத்திரியே நான் போன் செய்ய வேண்டும். நன்றி, வணக்கம்.