6 டம்ளர், 5 ஏற்றம்: அடுக்கின் உயரத்தைக் கணக்கிடுவது எப்படி?

[திரையில்: தனியாக ஒரு டம்ளர். பக்கத்தில் 6 டம்ளர் செருகிய அடுக்கு, ஸ்கேல்.]

இந்த பிளாஸ்டிக் டம்ளர் 12 செ.மீ. உயரம். ஒன்றுக்குள்ள ஒன்றா 6 டம்ளர் செருகினா அடுக்கு 16 செ.மீ. வருது. அப்போ 50 டம்ளர்?

16-ஐ 6-ஆல வகுத்து 50-ஆல பெருக்கினா 133 செ.மீ. நிஜமா அடுக்கிப் பார்த்தா அதுல பாதிகூட வராது. ஏன்னா முழு உயரத்தோட வெளியே தெரியறது அடியில இருக்கிற ஒரே ஒரு டம்ளர்தான். மத்ததெல்லாம் உள்ளே இறங்கிடுது, விளிம்பு மட்டும்தான் மேல துருத்திட்டு நிக்குது. அந்தத் துருத்தலை 'ஏற்றம்'னு வச்சுக்குவோம்.

[திரையில்: விளிம்புகளுக்கு நடுவே 5 அம்புக்குறிகள்.]

16-ல 12 போனா 4 செ.மீ. இதை 6-ஆல வகுக்கக் கூடாது, 5-ஆல வகுக்கணும். கையை விரிச்சுப் பாருங்க: விரல் அஞ்சு, நடுவுல இடுக்கு நாலுதான். அதே மாதிரி 6 டம்ளருக்கு 5 ஏற்றம், ஒவ்வொண்ணும் 0.8 செ.மீ. 50 டம்ளருக்கு 49 ஏற்றம்: 12 + 49 × 0.8 = 51.2 செ.மீ.

கணக்கைவிட அளவெடுக்கிறதுலதான் அதிகம் சறுக்கும். ரெண்டே டம்ளரை வச்சு ஏற்றத்தை அளந்து, அதுல 1 மி.மீ. பிசகினா, 50 டம்ளர்ல அது 4.9 செ.மீ. பிசகா வளர்ந்து நிக்கும். 11 டம்ளரை அடுக்கி அளந்து 10-ஆல வகுங்க. அதே 1 மி.மீ. பிசகு வெறும் 4.9 மி.மீ.-ல அடங்கிடும். அடுக்கை மெதுவா அழுத்தி, எல்லாம் ஒரே சீரா இறங்கியிருக்கான்னு பார்த்துட்டு அளங்க. ஒரு டம்ளர் காத்துல தொங்கிட்டு நின்னாலும் கணக்கு கெட்டுடும்.

தனி டம்ளரை அளக்க முடியலையா? ரெண்டு அடுக்கு போதும். 4 டம்ளர் 14.4 செ.மீ., 9 டம்ளர் 18.4 செ.மீ. வித்தியாசம் 5 டம்ளர், 4 செ.மீ. ஏற்றம் அதே 0.8. 14.4-ல மூணு ஏற்றத்தைக் கழிச்சா 12 கிடைக்குது.

காகிதத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறங்காததால நேரா வகுக்கலாம். 80 ஜிஎஸ்எம் தாள் (அதாவது ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ள தாள்) 500 அடுக்கினா ஏறக்குறைய 5 செ.மீ., ஒரு தாள் 0.1 மி.மீ. மீதிக் கட்டு 1.8 செ.மீ. இருந்தா சுமார் 180 தாள். அளக்கும்போது நடுவுல இருக்கிற காத்து போக நல்லா அழுத்திப் பிடிங்க.

[திரையில்: 38 செ.மீ. உயரமுள்ள அலமாரித் தட்டு.]

இப்போ தலைகீழா. 38 செ.மீ. தட்டுல ஒரே அடுக்கா எத்தனை டம்ளர்? 38-ல 12 போக 26. 0.8-ஆல வகுத்தா 32.5. அரை டம்ளர் கிடையாது, அதனால கீழ்ப்பக்கமா 32. அடி டம்ளரையும் சேர்த்தா 33. இந்த 1-ஐத்தான் நிறைய பேர் விட்டுடுவாங்க.

50-ஐயும் அதே தட்டுல வைக்கணும்னா ரெண்டு அடுக்கு வேணும். ஒவ்வொரு அடுக்குக்கும் 12 செ.மீ. அடி டம்ளர் தனித்தனியா. 33-ம் 17-மா பிரிச்சா பெரிய அடுக்கு 37.6 செ.மீ., மேல விரல் நுழையாது. 25, 25-ன்னு பிரிங்க: 12 + 24 × 0.8 = 31.2 செ.மீ. கை விட்டு எடுக்க மேல 6.8 செ.மீ. மிச்சம் இருக்கு.