ரோமக் கால்சட்டை ராக்னர்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு மாவீரனுக்குக் கால்சட்டையால் பெயர் வந்தது என்றால் சிரிப்பீர்கள். ராக்னர் லோத்புரோக் என்ற வைக்கிங்கின், அதாவது வட ஐரோப்பியக் கடற்கொள்ளை வீரனின், பெயரில் 'லோத்புரோக்' என்றால் ரோமம் அடர்ந்த கால்சட்டை!

அதற்கொரு கதை. ஒரு சிற்றரசன் மகள் தோரா செல்லமாக வளர்த்த பாம்புக்குட்டி, அவள் மாளிகையையே சுற்றி வளைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருத்துவிட்டது. கொல்பவனுக்குப் பெண்! ராக்னர் ரோம உடையைக் கீலில் கொதிக்கவைத்து உடுத்தி, மணலில் புரண்டுவிட்டுப் போனான். பாம்பின் நச்சு ரத்தம் மேலே தெறித்தும் அவனை ஒன்றும் செய்யவில்லை. தோராவை மணந்தான்.

கதை இருக்கட்டும், ஏட்டுக்கு வருவோம். 845 மார்ச். பாரிஸ் வழியே ஓடும் சேன் ஆற்றில் 120 வைக்கிங் கப்பல்கள். தலைவன் பெயரை, அன்று அந்த நாட்டை ஆண்ட பிராங்கியர்கள் ரெகின்ஹெரி என்று எழுதினார்கள். ராக்னர் என்பதன் லத்தீன் சாயல்தான். அரசன் வழுக்கைச் சார்லஸ் தன் படையை இரண்டாகப் பிரித்து ஆற்றின் இரு கரையிலும் நிறுத்தினான். என்ன புத்தியோ! வந்தவர்கள் ஒரு பாதியை அடித்து நொறுக்கினார்கள். பிடிபட்டவர்களில் 111 பேரை, மறுபாதி பார்த்துக்கொண்டு நிற்க, ஆற்றுத் தீவில் தூக்கிலிட்டார்கள். பாரிஸ் சூறையானது. 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அனுப்பிவைத்தான் சார்லஸ். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? வைக்கிங்குகள் மறுபடியும் மறுபடியும் வந்தார்கள்.

ரெகின்ஹெரி மட்டும் வரவில்லை. டென்மார்க் திரும்பியவன், மன்னன் ஹோரிக்கின் அவையிலேயே நோயில் மாண்டான் என்கிறார்கள் துறவிகள். கதை கட்டியவர்களுக்கு இந்தச் சாவு போதவில்லை. அவர்களுடைய ராக்னர், மகன்களின் புகழ் தன்னைத் தாண்டிப் போகிறதே என்று பொருமி, மனைவி அஸ்லாக் தடுத்தும் கேளாமல் இரண்டே கப்பலோடு இங்கிலாந்துக்குப் போகிறான். அங்கே வடபகுதியை ஆண்ட நார்தம்பிரியா மன்னன் ஏல்லா அவனைப் பாம்புக் குழியில் தள்ளுகிறான். கிழப்பன்றி படும் பாட்டை அறிந்தால் குட்டிகள் எப்படி உறுமும் என்று சொல்லிச் சாகிறான். பாம்பைக் கொன்று பெயர் வாங்கியவனுக்குப் பாம்பாலேயே முடிவு! அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கிறதே, எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

குட்டிகள், அதாவது மகன்கள், விஷயம் வேறு. 865இல் வைக்கிங் பெரும்படை ஒன்று இங்கிலாந்தில் இறங்கியது. மறு ஆண்டே யார்க் நகரைப் பிடித்தது. அதன் தலைவர்களில் இவார் ஒருவன், ஹால்ஃப்தான் ஒருவன். 867இல் யார்க்கை மீட்க வந்த ஏல்லா போரில் மடிந்தான். இவ்வளவும் ஆங்கிலேயர் ஏட்டில் இருக்கிறது. ஆனால் இவாரின் தகப்பன் லோத்புரோக் என்று எழுத ஒருவர் வருவதற்கு, அதன்பின் இருநூறு ஆண்டுகள் ஆயின.