கப்பல் பாதையில் மின்னல்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் காலி தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்குமே, அதில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான நீர் விட்டு மூடிக் குலுக்குங்கள். பாட்டிலை நன்றாக அழுத்திப் பிடித்து, சட்டென்று பிடியை விடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்புறம், ஊதி அணைத்த தீக்குச்சியின் புகையைக் கொஞ்சம் உள்ளே பிடித்து மூடி, மறுபடி அழுத்தி விடுங்கள். உள்ளே வெள்ளையாக மூட்டம் கட்டும். அழுத்தினால் மறையும், விட்டால் திரும்பி வரும். கைக்குள் ஒரு மேகம்!

நீராவி துளியாக மாற, ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஐட்கன் 1880-இல் இதைச் செய்து காட்டினார். பஞ்சில் வடிகட்டிய காற்றுக்குள் நீராவியை விட்டால் மூட்டமே வரவில்லை. வடிகட்டாத காற்றில் உடனே வந்தது. வானத்தில் கடல் உப்பும் மண்தூசும் அந்த வேலையைச் செய்கின்றன. நம் புகையும் செய்கிறது.

சரி, துகள் கூடினால் மழையும் கூடுமா? அதுதான் இல்லை. பத்துப் பேருக்கு வடித்த சோற்றை நூறு பேர் பந்தியில் வைத்தால் ஆளுக்கு ஒரு கவளம்தான். அதே நீரை ஏராளமான துகள்கள் பங்கு போட்டுக்கொள்வதால் துளிகள் சிறுத்துப்போகின்றன. ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். பொடித்துளிகளோ ஒன்றோடொன்று எளிதில் மோதிச் சேர்வதில்லை. மேகத்தின் நிறமும் மாறும். கற்கண்டை இடித்தால் மாவு வெள்ளை வெளேரென்று இருக்கிறதல்லவா, அப்படித்தான்.

இலங்கையின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு சிங்கப்பூர் பக்கமுள்ள மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் போகின்றன. பன்னிரண்டு ஆண்டு மின்னல் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. வரைபடத்தில் அந்தக் கப்பல் பாதை மின்னலால் கோடு போட்டதுபோல் தெரிந்தது. பக்கத்துக் கடலைவிட இரண்டு மடங்கு வரை மின்னல்! கப்பல் புகையில் பிறந்த பொடித்துளிகள் கீழேயே மழையாகக் கொட்டிவிடாமல் மேலே ஏறி உறைகின்றன, பனித்துணுக்குகள் உரசி மின்னேற்றம் கூடுகிறது என்பது அந்த ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

ஊகம்தானே என்று தள்ளிவிடலாம். ஆனால் 2020 ஜனவரி முதல் தேதி ஒரு விதி வந்தது: கப்பல் புகையில் துகள்களைப் பெருக்குகிற கந்தகம் எரிபொருளில் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது, 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. யாரும் இதற்கென்று திட்டமிடாத சோதனை. சிங்கப்பூர் அருகே கப்பல் பாதையின் மேல் மின்னல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. புகையால் வெளுத்த அந்த மேகங்கள் இத்தனை காலம் கடலுக்குக் குடை பிடித்து, வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. காற்று சுத்தமானது, குடையும் கொஞ்சம் சுருங்கியது. அதனால் கடல் எவ்வளவு சூடானது என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வணக்கம்.