மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில், அங்கன்வாடிப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பேசியது)

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். ஓரிடத்தில் நிற்காமல் ஓடும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கோபாலபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி போன மாதம் தன் நான்கு வயது மகனோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள், பையன் ஜன்னல் கம்பியில் ஏறிவிட்டான். புறப்படும்போது, "செருப்பைப் போடு, பையை எடு, தாத்தாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஒற்றைக் காலில் செருப்போடு வாசலில் நிற்கிறான். மூடிய கைக்குள் ஒரு தும்பி. "பாருங்கள் ஐயா, வேண்டுமென்றே செய்கிறான். என் வளர்ப்புதான் சரியில்லை என்கிறார் மாமியார்" என்று அழுதுவிட்டாள்.

அம்மா, அவன் வேண்டுமென்றே செய்யவில்லை. செருப்பு மட்டும்தான் அவன் நினைவில் நின்றது. மற்ற இரண்டையும் தும்பி கொண்டுபோய்விட்டது. நான் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, பெயர் சொல்லி அழைத்து, அவன் என்னைப் பார்த்த பிறகு, "அந்தச் செருப்பையும் போடு" என்றேன். போட்டான். "சொன்னதும் போட்டுவிட்டாயே!" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. பிறகுதான் பை. அடுத்து வணக்கம். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு மருத்துவர்கள் தரும் பயிற்சியில் இது முக்கியமான பகுதி.

மூன்று, நான்கு வயதில் ஓடாத பிள்ளை ஏது? எல்லாத் துறுதுறுப்பும் நோயல்ல. வயதுக்கு மீறிய அலைபாய்தல் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, அங்கன்வாடி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். அதன் பிறகே ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு என்ற பெயரை மருத்துவர் யோசிப்பார். நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, டீச்சர் மலையாளத்தில் சொல்வது புரியாமலும் எழுந்து ஓடும். அங்கே மட்டும் ஓடுகிறானா, வீட்டிலும் ஓடுகிறானா என்று கவனியுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, இரவில் நன்றாகத் தூங்குகிறானா என்பதையும் பாருங்கள்.

அது ஏ.டி.எச்.டி.தான் என்றாலும் தாய்மேல் பழி போடாதீர்கள். அதில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு. மிட்டாய் தின்பதால் வருவதும் அல்ல. சர்க்கரையை ஆராய்ந்தவர்களுக்கு அப்படி எதுவும் தென்படவில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முதலில் மாத்திரை தருவதில்லை, பெற்றோருக்குத்தான் பயிற்சி. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளிலேயே பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். அந்தக் குழு வரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடி மட்டும் வேண்டாம். பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளை நானும் ஒரு காலத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். கீழே இறங்கக் கூடாது என்று கால் நடுங்க நின்ற ஒரு பையனின் முகம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அசையாமல் நிற்பதுதான் அவனுக்கு முடியாத காரியம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைகள் ஓடட்டும், யாரும் அதட்ட வேண்டாம். அந்த வெளிக்கதவை மட்டும் யாராவது சாத்திவிடுங்கள்; பொள்ளாச்சி ரோட்டில் லாரி வருகிறது.