கேட்காமல் விட்ட கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

2011 டிசம்பரில் லண்டனில் ஒரு மதிய விருந்து. பிபிசி செய்திப் பிரிவின் தலைவர், தொலைக்காட்சிப் பிரிவின் தலைவரிடம் ஒரு விஷயத்தைக் காதில் போட்டுவைக்கிறார். ஜிம்மி சாவிலைப் பற்றி பிபிசியின் செய்தி அலசல் நிகழ்ச்சியான நியூஸ்நைட்டின் குழு விசாரித்து வருகிறது, அது வெளியானால் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளை மாற்ற வேண்டிவரலாம் என்கிறார். சில விநாடிப் பேச்சுதான். அதைக் காதில் வாங்கிக்கொண்ட தொலைக்காட்சிப் பிரிவின் தலைவர் ஜார்ஜ் என்ட்விசில். "என்ன விசாரணை?" என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

சாவில் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிபிசியின் பாப் பாட்டு நிகழ்ச்சியிலும், சிறுவர்களின் ஆசைகளை நிறைவேற்றும் நிகழ்ச்சியிலும் பல பத்தாண்டுகள் வந்த முகம். மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டியவர். 1990ல் சர் பட்டம். 2011 அக்டோபரில் இறந்தார். அவரைப் போற்றும் நிகழ்ச்சிகள் கிறிஸ்துமஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்தன.

பிபிசியின் இன்னொரு மூலையில் நியூஸ்நைட் நிருபர் லிஸ் மெக்கீனும் தயாரிப்பாளர் மெய்ரியன் ஜோன்ஸும் சர்ரேயில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியின் பழைய மாணவிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிறுமியாக இருந்தபோது சாவிலின் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண் கேமராவின் முன்னால் பேசினார். எவ்வளவு பெரிய துணிச்சல், யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தை நியூஸ்நைட்டின் ஆசிரியர் நிறுத்திவிட்டார். புகழ்மாலை மட்டும் ஒளிபரப்பானது. புகழ் நிகழ்ச்சிகளைக் காப்பாற்றுவதற்காக நிறுத்தவில்லை, நல்லெண்ணத்தோடு எடுத்த தவறான முடிவு அது என்று பின்னால் இதை விசாரித்த பொல்லார்ட் அறிக்கை சொன்னது. சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனாலும் அந்தப் பெண்ணின் குரல் அலமாரிக்குள்தானே போனது!

உண்மையை வெளியே கொண்டுவந்தது போட்டி நிறுவனமான ஐடிவி, 2012 அக்டோபர் 3ல். அப்புறம் நூற்றுக்கணக்கானோர் காவல்துறையிடம் பேசினார்கள். 214 குற்றங்கள் பதிவாயின.

அதே மாதம் 22ஆம் தேதி பிபிசியின் புலனாய்வு நிகழ்ச்சியான பனோரமா, தன் சொந்த நிறுவனத்தையே விசாரித்து ஒளிபரப்பியது. அதற்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

ஆனால் நவம்பர் 2ல் நியூஸ்நைட் மறுபடியும் தடுக்கி விழுந்தது. வேல்ஸில் ஒரு சிறுவர் இல்லத்தில் கொடுமைக்கு ஆளான ஒருவர், பிரதமர் தாட்சர் காலத்து மூத்த அரசியல்வாதி ஒருவர் மீது குற்றம் சாட்டினார். நிகழ்ச்சி பெயரைச் சொல்லவில்லை, இணையம் சொல்லிவிட்டது. மெக்கல்பைன் பிரபு. அவர் நிரபராதி. ஆளைத் தவறாக அடையாளம் கண்டுவிட்டார்கள். குற்றம் சாட்டியவரிடம் மெக்கல்பைனின் போட்டோவைக் காட்டி, "இவரா?" என்று கேட்கவில்லை. மெக்கல்பைனுக்கு ஒரு போன் போட்டும் கேட்கவில்லை. இதழியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் இந்தப் போட்டோ கதையைத்தான் சொல்வேன். சாட்சி பொய் சொல்ல வேண்டியதில்லை. மனமுடைந்த மனிதர் உண்மையாகவே நம்பிச் சொல்வதும் தவறாக இருக்கலாம். அவரைக் காப்பாற்றவும் அந்தப் போட்டோ வேண்டும்.

இதற்குள் என்ட்விசில் பிபிசியின் தலைமை இயக்குநர் ஆகியிருந்தார். நவம்பர் 10, சனிக்கிழமை காலை. பிபிசியின் சொந்த வானொலியில் ஜான் ஹம்ஃப்ரிஸ் அவரைப் பேட்டி காண்கிறார். நீங்களும் வானொலி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஊழியர் கேட்கிறார், முதலாளி பதில் சொல்கிறார். அந்த நிகழ்ச்சியை முன்கூட்டி அறிந்தீர்களா? இல்லை. ஒளிபரப்பானபோது பார்த்தீர்களா? இல்லை, வெளியே போயிருந்தேன். ஆள் மாறிவிட்டது என்று முந்தின நாள் கார்டியன் நாளிதழ் எழுதியதைப் படித்தீர்களா? அதுவும் இல்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஹம்ஃப்ரிஸ் குரலை உயர்த்தவில்லை. கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார், மறுபடி கேட்டார். அன்று இரவே தலைமை இயக்குநர் பதவி விலகினார். பொறுப்பேற்று 54 நாள்.

அந்த மதிய விருந்தை மறுபடி நினைவுபடுத்துகிறேன். செய்திப் பிரிவில் தலையிடுவதாகத் தோன்றக்கூடாது என்றுதான் கேட்கவில்லை என அவர் நாடாளுமன்றக் குழுவிடம் விளக்கினார். அது நியாயமான தயக்கம்தான். ஆனால் செய்தியில் தலையிட வேண்டாம். தன் கையிலிருக்கும் நிகழ்ச்சிகளை என்ன செய்வது என்று முடிவெடுக்கவாவது கேட்டிருக்க வேண்டாமா?

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். முன்னாள் நீதிபதி ஜேனட் ஸ்மித்தின் 2016 அறிக்கையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பிபிசி பணியோடு தொடர்புடைய இடங்களில் சாவிலால் பாதிக்கப்பட்டவர்கள் 72 பேர் என்றது அது. நட்சத்திரங்களைப் பற்றிப் புகார் சொல்ல ஊழியர்கள் பயந்தார்கள் என்றும் சொன்னது. முதலில் கேள்வி கேட்ட லிஸ் மெக்கீன், 2013லேயே பிபிசியை விட்டுப் போய்விட்டார்.

நன்றி, வணக்கம்.